பாக்கெட் கேக் மாவு: காய்ந்து போகாமல் மெத்தென்று வர என்ன சேர்க்கலாம்?



இப்பல்லாம் நம் கிராமங்களில் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் என்றால் கேசரியும் வேண்டும், கேக்கும் வேண்டும் என்று ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் கேட்கவே வேண்டாம். டவுனுக்குப் போய் கேக் வாங்கி, பஸ்ஸில் நசுங்காமல் கொண்டு வருவது பெரிய பாடு. அதனால் நம் உறுப்பினர்கள் பலர் கடையில் பாக்கெட் கேக் மாவு வாங்கி வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். தெருவில் நாலு பேர் சாப்பிட்டு "நல்லா இருக்கே" என்று சொல்ல, அப்படியே ஆர்டர் வரத் தொடங்குகிறது. குழுக் கடனில் சின்ன ஓவன் வாங்கித் தொழிலாகவே செய்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று. "பாக்கெட்டில் போட்டிருக்கிற மாதிரியேதான் செய்றோம். சுடச்சுட நல்லாத்தான் இருக்கு. மறுநாள் பார்த்தா உதிர் உதிரா போகுது, தொண்டையை அடைக்குது. ஏன் இப்படி?"

இது சின்ன விஷயம் இல்லை. சாயங்காலம் வெட்டப் போகும் கேக்கை நாம் காலையிலோ முதல் நாள் இரவிலோ செய்து வைக்கிறோம். வெட்டும் நேரத்தில் அது வறண்டு போயிருந்தால், வாங்கியவர் நம்மிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த முறை பேசாமல் பேக்கரிக்குப் போய்விடுவார். ஓவன் கடனின் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே இந்த இதழில் கேக் ஏன் காய்கிறது, நம் அடுப்படியில் இருக்கும் எந்தெந்தப் பொருளை எவ்வளவு சேர்த்தால் மெத்தென்று வரும் என்பதை விளக்கமாகப் பார்ப்போம்.

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

கேக் மாவு ஒன்றும் மாயம் இல்லை. மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பு, வாசனை, சில வகைகளில் பால் பவுடர் அல்லது கோகோ. இவற்றோடு எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் ஒன்று சேர்ந்திருக்க உதவும் ஒரு பொருளும் இருக்கும். அவ்வளவுதான். முட்டை சேர்த்துச் செய்யும் வகை, முட்டை இல்லாத வகை என்று இரண்டு வகை விற்கிறது. எது என்று பாக்கெட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இது முதலில் அமெரிக்காவில் வந்தது. பிட்ஸ்பர்க் நகரில் டஃப் என்ற கம்பெனி கரும்புப் பாகு வியாபாரம் செய்து வந்தது. அந்தப் பாகை மாவோடு சேர்த்து உலர்த்திப் பொடியாக்கி, தண்ணீர் ஊற்றினால் இஞ்சி கேக் செய்யலாம் என்று கண்டுபிடித்து, 1933-இல் அதற்குக் காப்புரிமை பெற்றது. முதலில் முட்டையையும் பொடியாக்கிக் கலந்து பார்த்தார்கள். பெண்கள் புது முட்டையைத் தாங்களே உடைத்து ஊற்றத்தான் விரும்புகிறார்கள் என்று அந்தக் கம்பெனியே பிறகு சொன்னது. ஆக, பாக்கெட்டில் இருப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி செய்கிறவர் கையில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியில்தான் மெத்தென்ற பதமும் இருக்கிறது.

கேக் ஏன் காய்கிறது?

காரணம் நான்கு.

ஒன்று, அதிக நேரம் சுடுவது. வெந்த பிறகும் அடுப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கேக்கில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போகும். காய்ந்த கேக்குகளில் பெரும்பாலானவை இப்படிக் காய்ந்தவைதான்.

இரண்டு, மாவை அதிகமாக அடிப்பது. மைதாவில் தண்ணீர் பட்டு அடிக்க அடிக்க அதில் ஒரு இழுவை வரும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும். கேக்குக்கு வேண்டாம். இழுவை வந்தால் கேக் ரப்பர் மாதிரி ஆகும், சீக்கிரம் வறட்டிப் போகும்.

மூன்று, எண்ணெய், கொழுப்பு குறைவாக இருப்பது. எண்ணெய் மாவைச் சுற்றிப் பூசிக்கொண்டு நிற்பதால்தான் வாயில் வைத்ததும் கேக் கரைகிறது. "எண்ணெய் எதுக்கு இவ்வளவு" என்று பாக்கெட்டில் சொன்னதில் பாதியைக் குறைத்தால் கேக் காயத்தான் செய்யும்.

நான்கு, ஃபிரிட்ஜில் வைப்பது. மீந்த சோற்றை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் விறைத்துப் போய் உதிர்கிறது அல்லவா? கேக்கிலும் அதே கதைதான். இரண்டிலும் இருப்பது மாவுச்சத்து. ஃபிரிட்ஜின் குளிரில் அது வேகமாக இறுகிவிடுகிறது.

பொருள் சேர்க்கும் முன் அடுப்பைச் சரி பாருங்கள்

எத்தனை நல்ல பொருள் சேர்த்தாலும் அதிகமாகச் சுட்டால் வீண். ஓவன் உள்ளவர்கள் 170 டிகிரி செல்சியஸில் வைத்து, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 5 நிமிடம் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். ஓவன் இல்லாதவர்கள் அடி கனமான பழைய அலுமினியப் பாத்திரத்தில் செய்யலாம். அடியில் ஒரு விரல் உயரம் கல் உப்பு பரப்பி, அதன் மேல் ஒரு பிரிமனை போல ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டு 10 நிமிடம் சூடு செய்யுங்கள். பிறகு கேக் டின்னை உள்ளே வைத்து, மூடி, தீயைச் சிறியதாக்கி விடுங்கள். குக்கரில் செய்பவர்கள் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

வெந்ததா என்று பார்க்க, சுத்தமாகக் கழுவிய தென்னை ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுங்கள். குச்சியில் ஈர மாவு ஒட்டினால் வேகவில்லை. நாலைந்து ஈரத் துகள்கள் ஒட்டினால் அதுதான் சரியான பதம், உடனே இறக்கிவிடுங்கள். குச்சி துடைத்து வைத்த மாதிரி வரும் வரை காத்திருந்தால் இறக்கிய பிறகும் டின்னின் சூட்டில் இன்னும் கொஞ்சம் வெந்து காய்ந்துவிடும்.

இன்னொன்று. அளவுக்கு எப்போதும் ஒரே கப்பும் ஒரே ஸ்பூனும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் கப் என்றால் 240 மி.லி., பெரிய ஸ்பூன் என்றால் 15 மி.லி., சின்ன ஸ்பூன் என்றால் 5 மி.லி. வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒரு நாள் பெரிய டம்ளர், ஒரு நாள் சின்ன டம்ளர் என்று ஊற்றினால் கேக்கும் ஒரு நாள் ஒரு மாதிரிதான் வரும்.

என்ன சேர்க்கலாம், எவ்வளவு?

கீழே சொல்லும் அளவெல்லாம் 250 கிராம் மாவுக்கு. 500 கிராம் என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குப் பதில் பால்: பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று இருக்கிறதோ அதே அளவு காய்ச்சி ஆறிய பால். இதுதான் எல்லாவற்றிலும் சுலபமானது. பாலில் உள்ள கொழுப்பு கேக்கை மென்மையாக்கும், நிறமும் நன்றாக வரும். பால் சேர்த்த கேக் மேலே சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் தீயில் கவனம் வேண்டும்.

தயிர்: புளிக்காத கெட்டித் தயிர் கால் கப். தயிரின் லேசான புளிப்பு மைதாவின் இழுவையைக் குறைக்கும். அதனால் கேக் பஞ்சு போல வரும். தயிரில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆகவே கால் கப் தயிர் சேர்த்தால் பால் அல்லது தண்ணீரில் கிட்டத்தட்ட கால் கப்பைக் குறைத்துவிட வேண்டும். தயிரைக் கட்டி இல்லாமல் கடைந்து ஊற்றுங்கள். சமையல் சோடா ஒரு சிட்டிகை சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சோடா கூடினால் சோப்பு வாடை அடிக்கும்.

எண்ணெய்: பாக்கெட்டில் சொன்னதோடு 1 பெரிய ஸ்பூன் கூடுதல். வாசனை இல்லாத சூரியகாந்தி எண்ணெய் போன்றது நல்லது. நல்லெண்ணெய், கடலெண்ணெய் வாசனை தூக்கலாக இருக்கும். வெண்ணெய் சேர்த்தால் ருசி அதிகம், ஆனால் வெண்ணெய் ஆறினால் உறையும், எண்ணெய் உறையாது. அதனால் மறுநாள் சாப்பிடும்போது எண்ணெய் கேக்தான் மெத்தென்று இருக்கும். இரண்டும் வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி போடுங்கள்.

முட்டை மஞ்சள் கரு: முட்டை சேர்க்கும் வகை மாவு என்றால், சொன்ன முட்டைகளோடு இன்னும் ஒரு மஞ்சள் கரு மட்டும். மஞ்சள் கருவில் கொழுப்பு உண்டு. எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாகப் பிடித்து வைக்கும் குணமும் உண்டு. வெள்ளைக் கரு வெந்தால் இறுகும், அது கூடினால் கேக் வறளும். மீந்த வெள்ளைக் கருவை அன்றைக்கே ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம்.

கஸ்டர்டு பவுடர்: 1 பெரிய ஸ்பூன், கூடவே 2 பெரிய ஸ்பூன் பால். கஸ்டர்டு பவுடர் என்பது வாசனையும் நிறமும் சேர்த்த சோள மாவுதான். சூட்டில் அது தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வெனிலா கேக்குக்குப் பொருத்தமானது.

வாழைப்பழம்: தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த நன்கு கனிந்த பழத்தை மசித்து கால் கப். பால் அல்லது தண்ணீரில் 2 பெரிய ஸ்பூன் குறைத்துக்கொள்ளுங்கள். பழத்தில் உள்ள சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். விற்காமல் கனிந்து போன பழம் வீணாகாமல் பயன்படும். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணியையும் இதே அளவில் சேர்க்கலாம், வாடையே தெரியாது.

தேங்காய்ப் பால்: தண்ணீருக்குப் பதில் முதல் பால். கொழுப்பு நிறைய இருப்பதால் கேக் நல்ல மென்மையாக வரும். ஆனால் தேங்காய்ப் பால் சீக்கிரம் கெடும். அன்றே சாப்பிடும் கேக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காபி டிகாக்‌ஷன்: சாக்லேட் மாவுக்கு மட்டும். தண்ணீரில் பாதிக்குப் பதில் சூடான லேசான டிகாக்‌ஷன். கோகோவின் மணத்தை நன்றாகத் தூக்கிக் கொடுக்கும். முட்டை சேர்ப்பதாக இருந்தால் டிகாக்‌ஷன் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் முட்டை திரிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் போடாதீர்கள்

"தயிரும் நல்லது, பழமும் நல்லது, முட்டையும் நல்லது" என்று எல்லாவற்றையும் கொட்டினால் கேக் எழும்பாது. மாவு தாங்கும் ஈரத்துக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் பக்கவாட்டில் வெந்து நடுவில் குழி விழும், வெட்டினால் களி மாதிரி இருக்கும். அது மெத்தென்ற கேக் இல்லை, வேகாத கேக்.

ஆகவே இரண்டு அல்லது மூன்று பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாம் சொல்வது இரண்டு சேர்க்கை.

முட்டை சேர்க்கும் வெனிலா மாவுக்கு: தண்ணீருக்குப் பதில் பால், 1 மஞ்சள் கரு கூடுதல், எண்ணெய் 1 பெரிய ஸ்பூன் கூடுதல்.

முட்டை இல்லாத சாக்லேட் மாவுக்கு: கால் கப் தயிர், எண்ணெய் 1 பெரிய ஸ்பூன் கூடுதல். மொத்தத் தண்ணீரில் கால் கப்பைக் குறைத்து, மீதித் தண்ணீரில் பாதியை டிகாக்‌ஷனாக ஊற்றுங்கள்.

கலக்கும்போது ஈரப் பொருட்களை எல்லாம் முதலில் ஒரு பாத்திரத்தில் நன்றாக அடித்துக்கொண்டு, பிறகு மாவைப் போட்டு, கட்டி கரையும் வரை மட்டும் கலக்குங்கள். பதம் இட்லி மாவு மாதிரி இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்து ஊற்றினால் தொடர்ந்து விழ வேண்டும். தோசை மாவு போல ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது, 1 பெரிய ஸ்பூன் மைதா தூவிக்கொள்ளலாம். கலந்த மாவை இட்லி மாவு போல வைத்திருக்கக் கூடாது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலை செய்யத் தொடங்கிவிடும். உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். அதனால் அடுப்பை முதலில் சூடாக்கிவிட்டுத்தான் கலக்கவே தொடங்க வேண்டும்.

சுட்ட பிறகு செய்ய வேண்டியது

கேக் இறங்கியதும் 10 நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும். பிறகு கவிழ்த்து எடுத்து, லேசான சூடு இருக்கும்போதே சர்க்கரைப் பாகு ஊற்றலாம். கால் கப் சர்க்கரை, கால் கப் தண்ணீர், இரண்டையும் ஒரு கொதி விட்டு ஆற வைத்தால் போதும். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். கேக்கின் மேல் ஈர்க்குச்சியால் ஆங்காங்கே குத்தி, ஸ்பூனால் பரவலாக 4 பெரிய ஸ்பூன் வரை ஊற்றுங்கள். பாகில் உள்ள சர்க்கரை ஈரத்தை எளிதில் விடாது. கிரீம் வைக்கும் கேக்குகளில் பேக்கரிக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். லேசாகக் காய்ந்து போன கேக்கைக்கூட இந்தப் பாகு ஓரளவு காப்பாற்றிவிடும்.

முழுவதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். வெறும் கேக்கை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். கிரீம் தடவிய கேக்கைக் கட்டாயம் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுத்து வைத்தால் இறுக்கம் தளர்ந்துவிடும்.

ஈரம் கூடினால் ஆயுள் குறையும்

இதை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். ஈரம்தான் கேக்கை மென்மையாக்குகிறது. அதே ஈரத்தில்தான் பூஞ்சையும் வளர்கிறது. பேக்கரிகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அனுமதிக்கப்பட்ட பொருள் ஏதாவது சேர்ப்பது உண்டு. நாம் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை. ஆகவே பேக்கரி கேக் நாலு நாள் இருக்கிறது என்று பார்த்து நம் கேக்கையும் நாலு நாள் வைத்து விற்கக் கூடாது.

பால், தயிர் சேர்த்த கேக்கை வெயில் காலத்தில் மறுநாளைக்குள் சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள். பழம், தேங்காய்ப் பால் சேர்த்தது அன்றைக்கே. கடையில் வைத்து விற்பவர்கள் இவற்றைத் தவிர்த்து, எண்ணெய், மஞ்சள் கரு, கஸ்டர்டு பவுடர் இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாடை மாறினாலோ, மேலே பிசுபிசுப்பு வந்தாலோ, எங்காவது பச்சை, வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடுக்கக் கூடாது. முழுவதையும் எறிந்துவிட வேண்டும். சாப்பிடுவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நமக்கு மட்டும் இல்லை, குழுவுக்கே கெட்ட பெயர்.

முட்டை விஷயத்தில் உண்மை சொல்லுங்கள்

"ஒரு மஞ்சள் கருதானே, யாருக்குத் தெரியப் போகுது" என்று முட்டை இல்லாத கேக் கேட்டவருக்கு முட்டை சேர்த்துக் கொடுக்கவே கூடாது. சிலருக்கு அது விரதம், சிலருக்கு அது வழக்கம், சிலருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்துவிடும். நம் நாட்டு உணவுச் சட்டப்படி முட்டை சேர்த்த கேக் அசைவ வகைதான். அதன் டப்பாவில் பச்சை நிற சைவக் குறி போடக் கூடாது. முட்டை இல்லாத கேக்குக்கு மஞ்சள் கருவின் வேலையைத் தயிரே நன்றாகச் செய்யும்.

கேக் விற்பவர் வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சின்ன அளவில் செய்பவர்களுக்கு முழு உரிமம் தேவையில்லை, எளிய பதிவு போதும். உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு, குழுவாகச் சேர்ந்து போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

"இவ்வளவு பொருள் சேர்த்தா கட்டுபடி ஆகுமா?" என்று கேட்பீர்கள். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள்.

பாக்கெட் மாவு 130 ரூபாய், முட்டை 2-க்கு 14, எண்ணெய் 10, கேஸ் 12, அட்டைப் பெட்டியும் தாளும் 20. மொத்தம் 186 ரூபாய். இதில் நாம் கூடுதலாகச் சேர்ப்பது இன்னொரு முட்டை 7, எண்ணெய் 2, பால் 10. ஆகக் கூடுதல் செலவு 19 ரூபாய். மொத்தம் 205.

இதோடு நம் கூலியையும் சேர்க்க வேண்டும். "வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்று கூலியை விட்டுவிடாதீர்கள். 60 ரூபாய் கூலி வைத்தால் 265. கேக்கை 300 ரூபாய்க்கு விற்றால் லாபம் 35.

இப்போது காய்ந்து போய் ஒரு கேக் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளுக்குப் போட்ட 205 ரூபாய் போச்சு. அதை ஈடுகட்ட 6 கேக் விற்ற லாபம் வேண்டும். 19 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்து 6 கேக் லாபத்தை விடலாமா?

வாரத்துக்கு நாலைந்து ஆர்டருக்கு மேல் நிரந்தரமாக வந்தால், பாக்கெட் மாவை விட்டுவிட்டு மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர் தனித்தனியாக வாங்கிச் செய்யப் பழகுங்கள். மேலே பார்த்த கணக்கில் பெரிய செலவு பாக்கெட்தான். அதுவரை, அளவு தப்பாமல் இருப்பதற்குப் பாக்கெட் மாவு நல்ல வாத்தியார்.

உறுப்பினர்கள் கேட்கும் சில கேள்விகள்

"மேலே கருகுது, உள்ளே வேகலை. என்ன செய்ய?" தீ அதிகம். தீயைக் குறைத்து, மேலே ஒரு தாளை லேசாகப் போட்டு மூடுங்கள். ஓவன் என்றால் டின்னைக் கீழ்த் தட்டில் வையுங்கள். தீ எரியும் அடுப்பில் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

"மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி ஊற்றினா ஈரம் நிக்குமாமே?" பேக்கரிகளில் ஊற்றுவது உணவுக்கென்றே செய்த கிளிசரின். தோலில் தடவ விற்கும் கிளிசரினை உணவில் சேர்க்கவே கூடாது. நமக்குச் சர்க்கரைப் பாகே போதும்.

"நாங்க மலையில இருக்கோம். கீழே சொன்ன மாதிரி செஞ்சா எங்க கேக் மட்டும் காயுது." ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், கேக்கும் வேகமாக எழும்பி அமுங்கிவிடும். அங்கே 1 பெரிய ஸ்பூன் மைதாவும் 2 பெரிய ஸ்பூன் பாலும் கூடுதலாகச் சேர்த்துச் செய்து பாருங்கள்.

"நல்லா எழும்பின கேக் அடுப்புல இருக்கும்போதே உட்காந்துடுச்சே?" பாதி வேகும் முன் மூடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். முதல் 25 நிமிடம் திறக்க வேண்டாம்.

செய்து பார்க்கும் முறை

ஆர்டர் வந்த அன்றைக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். குழுவில் கேக் செய்பவர்கள் நாலு பேர் இருந்தால், ஆளுக்கு ஒரு பாக்கெட், ஒரே கம்பெனி மாவு வாங்குங்கள். ஒருவர் பாக்கெட்டில் சொன்னபடியே செய்யட்டும். ஒருவர் பால், ஒருவர் தயிர், ஒருவர் மஞ்சள் கரு சேர்க்கட்டும். முட்டை சேர்த்த கேக்கைத் தனியாக எழுதி வையுங்கள். மறுநாள் கூட்டத்துக்கு நாலையும் கொண்டு வந்து, எது எது என்று சொல்லாமல் எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறவர் வாயே சொல்லிவிடும்.

சேர்த்த அளவு, சுட்ட நேரம், மறுநாள் இருந்த பதம் இந்த மூன்றையும் வரவு செலவு நோட்டு மாதிரி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாலைந்து தடவை எழுதினால் உங்கள் அடுப்புக்கும் உங்கள் ஊர் வெயிலுக்கும் பொருந்துகிற அளவு உங்கள் கையிலேயே இருக்கும். அந்த அளவை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் மற்ற குழுக்களுக்கும் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் ஆர்டர் வரும் முன்பே எல்லோரும் கை பழகிவிடலாம்.